கூடத்தில் ஒரு புடவைக்கடை

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது. காஞ்சிபுரத்தில் செவிலிமேடு பக்கம் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்து, பெயின்ட் வாசனைகூடப் போகாத சமயம். வீட்டில் நாலு பேர். நான், பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரர், வேலைக்குப் போகிற எங்கள் ஒரே மகள், அப்புறம் என் அக்கா.

ஆயுசில் பாதிக்கு மேல் வாடகை வீட்டில் ஓட்டியவள் நான். சொந்த வீட்டின் கூடம் எப்படி இருக்க வேண்டும் என்று மனசுக்குள் ஒரு படமே போட்டு வைத்திருந்தேன். எல் வடிவத்தில் சோபா, கண்ணாடி டீப்பாய், விளக்கு ஒளிந்திருக்கிற ஃபால்ஸ் சீலிங், டி.வி.யைச் சுற்றி மரவேலை. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே வாயைப் பிளக்க வேண்டும். அதற்காகத்தான் ஒரு இன்டீரியர் டிசைனரைக் கூட்டி வா என்று மகளை நச்சரித்தேன். அவள் தன் தோழியின் அக்காவை அழைத்து வந்தாள். ஏனாத்தூர்ப் பெண், முப்பது வயசு இருக்கும். தோளில் ஒரு பை, கையில் அளவு டேப்.

இங்கே என் அக்காவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் அம்மா முன்பே போய்விட்டாள். அப்பாவும் போனபோது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்கு இருபது. பிள்ளையார்பாளையத்தில் ஒற்றை அறை வீட்டில் என்னை வைத்துப் பூட்டிவிட்டு, காந்தி ரோட்டில் ஒரு பட்டுப் புடவைக் கடைக்கு வேலைக்குப் போனாள். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் உட்கார்ந்து, எதிரே உட்காருகிறவர்களுக்குப் புடவையைப் பிரித்துக் காட்டி, அவர்கள் எழுந்து போனதும் மறுபடி மடித்து வைக்கிற வேலை. முப்பத்தெட்டு வருஷம் அதைத்தான் செய்தாள். என்னைப் படிக்கவைத்தாள், கட்டிக்கொடுத்தாள். நீ ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டால், "நேரம் எங்கடி இருந்துது?" என்று சிரிப்பாள்.

வேலையை விட்ட நாலைந்து வருஷத்தில் மறதி வந்தது. முதலில் சாவி மறந்தது, பிறகு அடுப்பு, பிறகு ஆட்கள். என் பெயரும் ஒரு நாள் போய்விட்டது. இது வயசு மறதி இல்லை, நோய் என்றார் டாக்டர். புது வீட்டுக்கு வந்ததும் இன்னும் மோசம். இது யார் வீடு என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். இரண்டு தடவை வாசல் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். ஒரு தடவை டவுன் பஸ் கண்டக்டர் ஒருத்தர், மகராசன், கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார். மற்றபடி பகலெல்லாம் எதையாவது மடித்துக்கொண்டே இருப்பாள். துண்டு, மிதியடி, பழைய பேப்பர். ஒரு நாள் என் வீட்டுக்காரர் தட்டிலிருந்த சப்பாத்தியை எடுத்து அழகாக நாலாக மடித்து வைத்தாள்.

டிசைனர் பெண் வந்த அன்று நடந்ததைக் கேளுங்கள். டேப்பை எடுத்து இரண்டு அடிகூட அளந்திருக்க மாட்டாள். தரையில் உட்கார்ந்திருந்த அக்கா அவள் துப்பட்டாவைப் பிடித்து மெல்ல இழுத்தாள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அந்தப் பெண்ணோ துப்பட்டாவைக் கழற்றி அக்கா மடியில் வைத்துவிட்டு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அக்கா அதை உதறிப் பிரித்தாள், ஓரத்தைக் கையில் ஏந்திக் காட்டினாள்.

"கலர் புடிச்சிருக்குதாமா? வெயில்ல கொண்டும்போயி பாருங்க."

அந்தப் பெண் எழுந்து ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்து, "நல்லா இருக்குதுமா, வேற கலர் இருக்குதா?" என்றாள். இப்படியே ஒன்றரை மணி நேரம். காபி ஆறிப் போனது. டேப் பைக்குள் போய்விட்டது. சரிதான், வேலை தெரியாத பெண்ணைப் பிடித்து வந்திருக்கிறாள் என்று மகளை முறைத்தேன்.

மூன்றாம் நாள் படம் வரைந்துகொண்டு வந்தாள். அதில் சோபாவே இல்லை. கிழக்கு ஜன்னலுக்குக் கீழே ஒரு அடி உயரத்துக்கு மேடை, அதன்மேல் மெத்தை, வெள்ளை விரிப்பு. பின்னால் கதவில்லாத அடுக்குகள். பீரோவில் பூட்டிக் கிடக்கும் என் புடவைகளெல்லாம் அங்கே வர வேண்டுமாம். அது மட்டுமில்லை. வாசல் பக்கச் சுவர் முழுக்க, சுவரின் நிறத்திலேயே, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரு திரை. தலைவாசல் கதவு அதற்குள் மறைந்துவிடும். கதவு கண்ணில் படாவிட்டால் அக்காவுக்கு வெளியே போகத் தோன்றாது. நாங்களும் வருகிறவர்களும் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்வர வேண்டும்.

"இன்னாமா இது, எங்க வூட்ட கடையாக்கிட்ட?" என்று கேட்டேன். கோபத்தை மறைக்கவில்லை.

"ஆன்ட்டி, நமக்கு எங்க உக்காந்தாலும் வீடுதான். அவங்களுக்குத்தான் எல்லாமே கன்ஃப்யூஸ் ஆகுது. அதான் ஃபர்ஸ்ட் அவங்களுக்கு டிசைன் பண்ணேன்" என்றாள் அவள். பிறகு ஒன்று சொன்னாள். "ஒரு தடவ செட் பண்ணிட்டா மாத்தாதீங்க ஆன்ட்டி. தினம் அதே எடம், அதே டைம். அதான் முக்கியம்."

ஒரு வாரம் முரண்டு பிடித்தேன். கடைசியில் வாயே திறக்காத என் வீட்டுக்காரர், "சோபால உக்காந்து நாம இன்னா பண்ணப்போறோம், டி.வி.தானே பாக்கப்போறோம். அவங்களுக்காவது ஆவட்டுமே" என்றார். மகளும் அவர் பக்கம். வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினேன்.

எல்லாம் முடிந்த முதல் நாள் காலை ஒன்பது மணி இருக்கும். அக்கா அறையிலிருந்து வந்து கூடத்தில் நின்றாள். மெத்தையையே பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பழைய ஒயர் கூடை ஒன்றில்தான் அந்தக் காலத்தில் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோவாள். அதை டிசைனர் பெண் கேட்டு வாங்கி அடுக்கின் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருந்தாள். அக்கா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஏறி உட்கார்ந்து, விரிப்பின் சுருக்கத்தை இரண்டு கையாலும் நீவிவிட்டாள். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என்னைக் கூப்பிட்டாள்.

"வாங்கமா, உக்காருங்க. கல்யாணத்துக்கா?"

"ஆமா" என்றேன்.

"பொண்ணுக்கா, உங்களுக்கா?"

எதிரே போய் உட்கார்ந்தேன். என் முகூர்த்தப் புடவையையே எடுத்துப் பிரித்துக் காட்டினாள், அவளே எனக்கு எடுத்துக்கொடுத்த மாம்பழ நிறப் புடவை. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, எனக்கு அது போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு எட்டு மாதம் நாங்கள் நிம்மதியாக இருந்தோம். ஒன்பது மணிக்குக் கடை திறப்பாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் சாய்வாள். பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் அடுக்கி முடித்து ஒயர் கூடையை எடுத்துக்கொள்வாள். என் வீட்டுக்காரர் கூடவே நடந்து, பின்பக்கத் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அவளுடைய அறைக்கே கூட்டிவந்து விடுவார். வீடு வந்துவிட்டதாக நினைத்துப் படுத்துவிடுவாள். வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒரே மடிப்புல கெடந்தா ஜரிகை ஒடிஞ்சிடும்மா" என்று என் புடவை ஒவ்வொன்றையும் மடிப்பு மாற்றி மாற்றி வைத்தாள். அவை அத்தனை நன்றாக அதற்கு முன் இருந்ததில்லை.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. என் புத்திதான் சும்மா இருக்கவில்லை. எதிர்வீட்டம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஆடித் தள்ளுபடி உண்டாமா?" என்று கேட்டாள். கிரகப்பிரவேசத்துக்கு வராமல் பிறகு வந்த சொந்தக்காரர்கள், மூடிக் கிடந்த தலைவாசலைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பக்கவாட்டுச் சந்து வழியாக வந்து, "வாஸ்து பாத்தவரு யாரு?" என்று சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அவர்கள் போன பிறகு அன்றைக்கு முழுக்க உள்ளே குத்திக்கொண்டே இருக்கும். இவ்வளவு பாடுபட்டு வீடு கட்டி, நாலு பேர் மெச்ச ஒரு கூடம் இல்லையே என்று நினைத்தவள்தான் நான். மறைப்பானேன்?

அந்த வைகாசியில் மகளைப் பெண் பார்க்க வருகிறோம் என்று வாலாஜாபாத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். நல்ல இடம். எனக்குக் கை கால் ஓடவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களைச் சந்து வழியாக, சமையலறையைத் தாண்டியா அழைத்து வருவது? தலைவாசலில் மாக்கோலம் போட்டு, மாவிலை கட்டி, வலது காலை எடுத்து வைத்து வரச்சொல்வதுதானே முறை? அதோடு இன்னொன்றும் இருந்தது. பெண் வீட்டில் இப்படி ஒரு நோய் இருக்கிறது, நாளைக்குப் பெண்ணுக்கும் வருமோ என்று அவர்கள் யோசித்துவிட்டால்? அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் அக்கா படுத்த பிறகு திரையைக் கழற்றினேன். மெத்தையைச் சுருட்டிப் பரண்மேல் ஏற்றினேன். புடவைகளை அட்டைப்பெட்டிகளில் போட்டு மூடினேன். தெரிந்த கடையிலிருந்து ஒரு நாளைக்கு என்று சோபா வரவழைத்தேன்.

"பெரிம்மா எப்பவும் போல இருக்கட்டும்மா. மாத்தக் கூடாதுன்னு டிசைனர் அக்கா சொன்னாங்கல்ல?" என்றாள் மகள்.

"ஒரு நாள்ள ஒண்ணும் ஆவாது. உன் வாழ்க்கைக்குத்தான் பண்றேன், எனக்கா?" என்று எரிந்து விழுந்தேன். டிசைனர் பெண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிடுவாளே என்றுதான் கேட்கவில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்கு அக்கா வழக்கம்போல வந்து நின்றாள். சோபாவைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். மெத்தை இருந்த இடத்தில் காலால் தடவிப் பார்த்தாள்.

"மெத்த எங்கமா?"

எனக்குச் சட்டியில் கேசரி அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. "இன்னிக்கிக் கடை லீவுக்கா. போய்ப் படு" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

அவள் சரி என்று தலையாட்டியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. எந்தத் தொந்தரவும் செய்யவில்லை. அறைக்குள் போனாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

பத்தரை மணிக்கு அவர்கள் வந்தார்கள். தலைவாசல் விரியத் திறந்திருந்தது. நாங்கள் உள்ளேயிருந்து வருவதற்குள் அவர்களே படியேறி வந்துவிட்டார்கள். பஜ்ஜி, கேசரி, காபி. மாப்பிள்ளையின் அம்மா கூடத்தைச் சுற்றிப் பார்த்து, வீடு லட்சணமாக இருக்கிறது என்றார். மனசு குளிர்ந்து போனது. மகள் வந்து வணங்கினாள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது அந்த அம்மா சாதாரணமாகக் கேட்டார்.

"நாங்க உள்ள நொழையறப்ப வாசல்ல ஒரு பெரியம்மா, 'வாங்கமா, உள்ள போங்க, நெதானமா பாருங்க'ன்னு சொல்லிக்கினே கூடையோட போனாங்களே, அவங்க யாரு? சாப்பிட வரலியா?"

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். அறைக்கு ஓடினேன். கட்டிலில் போர்வை நாலாக மடித்து வைத்திருந்தது. ஒயர் கூடையைக் காணோம்.

அதற்கு மேல் எதை மறைப்பது? அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வந்தவர்கள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள். மாப்பிள்ளைப் பையன் என் வீட்டுக்காரரை பைக்கில் ஏற்றிக்கொண்டு டவுன் பக்கம் போனான். மகள் போன் செய்ததும் டிசைனர் பெண் ஏனாத்தூரிலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பிவிட்டாள். காந்தி ரோட்டுக் கடை, பிள்ளையார்பாளையத்து வீடு, பஸ் நிறுத்தங்கள் என்று எல்லோரும் ஊருக்குள்ளேயே தேடினோம். அக்காவோ நேர் எதிர்ப்பக்கம், பாலாற்றுப் பாலத்தைப் பார்க்க நடந்திருந்தாள். தகிக்கிற வெயில். காலில் செருப்பில்லை.

மத்தியானம் ஒரு மணி சுமாருக்கு டிசைனர் பெண்தான் கண்டுபிடித்தாள். அக்கா ரோட்டோரச் சரிவில் கால் இடறி விழுந்திருக்கிறாள். நுங்கு விற்கிற ஒரு அம்மா தூக்கி நிழலில் கிடத்தி, தலையைத் தண்ணீரால் நனைத்து, முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவால் ஒரு காலை அசைக்கக்கூட முடியவில்லை. கூடையை மட்டும் விடவில்லை.

"உங்க சொந்தமா? ஒரே பேச்சா பேசிக்கினு இருந்துச்சுமா" என்றார் அந்த நுங்கு விற்கிற அம்மா. "கடைய லீவு வுட்டுட்டாங்களாம். 'வூட்ல தங்கச்சி சின்னப் பொண்ணு, தனியா பூட்டி வெச்சிட்டு வந்துக்கிறேன், பயந்துக்கும், பஸ்ஸு எங்க நிக்கும்'னு கேட்டுக்கினே இருந்துச்சு."

நான் அக்காவின் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். "நான்தாங்கா, நான்தான்" என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். யாரோ ஒரு வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல மரியாதையாகச் சிரித்தாள். "இன்னிக்கிக் கடை இல்லமா, நாளைக்கி வாங்க" என்றாள்.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். பிறகு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த ஒன்றரை மாதமும் அவள் விரல்கள் போர்வை ஓரத்தைத் தேடிக்கொண்டே இருந்தன. பிடித்தால் மடிக்கப் பார்க்கும். கையில் ஊசி குத்தியிருந்ததால் நர்ஸ் வந்து விலக்கிவிடுவார். ஆடி பிறந்த மூன்றாம் நாள் காலை அவள் போய்விட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் ஆஸ்பத்திரிக்கு நாலைந்து தடவை வந்தார்கள். அந்தச் சம்பந்தமே நிச்சயமானது. பின்னால் ஒரு நாள் சம்பந்தியம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"முகூர்த்தப் பொடவை பாக்க நாங்க எப்படியும் கடைக்குப் போவணும்தானே? உங்க வூட்லயே கடை இருக்குதுன்னு சொல்லியிருந்தா, அந்த மெத்தையிலயே உக்காந்திருப்போமேமா."

குத்திக்காட்டவில்லை அவர். உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னார். அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை.

டிசைனர் பெண் சாவுக்கு வந்திருந்தாள். என்ன கேட்பாளோ என்று அவள் முகத்தைப் பார்க்காமல் தவிர்த்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து மறுபடி வந்தபோது நானே சொன்னேன், "நீ மாத்தாதேன்னு சொன்ன. நான்தான் கேக்கலமா" என்று. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, "இனிமே உங்களுக்குப் புடிச்ச மாதிரி சோபா போட்டுத் தரட்டுமா ஆன்ட்டி?" என்று கேட்டாள். சோபாவுக்கு எதற்காக அப்படி ஆசைப்பட்டேன் என்று எனக்கே விளங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவளையே ஏணியில் ஏறச்சொல்லி, பரணிலிருந்து மெத்தையை இறக்கவைத்தேன்.

மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். இன்றைக்கும் எங்கள் கூடத்தில் சோபா இல்லை. அதே மேடை, அதே வெள்ளை விரிப்பு, ஆணியில் ஒயர் கூடை. எதிர்வீட்டம்மா இப்போதெல்லாம் கேலி செய்வதில்லை. சில நாள் வந்து மெத்தையில் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். வருஷத்துக்கு இரண்டு முறை புடவைகளையெல்லாம் பிரித்து, எனக்குத் தெரிந்த அரைகுறை விதத்தில் மடிப்பு மாற்றி வைக்கிறேன். மாம்பழ நிறப் புடவையை மட்டும் தொடவில்லை. கடையை நான் மூடிய அன்றைக்கு அவள் கடைசியாக மடித்தது அது. அப்படியே விட்டால் ஜரிகை ஒடிந்துவிடும் என்று தெரியும். பிரிக்க மனசு வரவில்லை.

உங்கள் அக்கா வழி தவறிப் போய்விட்டார்களாமே என்று இன்றும் யாராவது துக்கம் விசாரிக்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். அவர்களிடம் எதை விளக்குவது? கடை லீவு என்று சொன்னது நான். பூட்டிய வீட்டில் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் ஒன்பது வயதுத் தங்கையிடம் வந்து சேரத்தான், என் வீட்டைவிட்டு அந்த வெயிலில் அவள் நடந்து போனாள்.